ஒன்பது பிள்ளைகள்

இந்தியாவில் பிள்ளைகள் ஏன் மெலிந்து கிடக்கிறார்கள் என்பதை மூன்றே வரைபடங்களில் விளக்கிவிடலாம், அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் காரைக்காலில் தான்தான் என்று, அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி மைக்கேல்ராஜ் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான் வில்சன். கல்லூரியில் என்ன படிக்கிறாய் என்று கேட்டது மட்டும்தான் மாமா செய்த தப்பு.

“பத்து வருஷத்துல நாடு முழுக்க மெலிவு கொறஞ்சிருக்கு மாமா. ஆனா ஊருக்கு ஊரு வேற கணக்கு. நம்ம கரையோரம் நல்லாத்தான் இருக்கு.”

மாமா மெழுகுச் சொட்டைச் சுரண்டினார். “சரிப்பா. பன்னெண்டு மணிக்குக் கோயிலுக்குத் தூக்கணும்.”

விழிதியூர் அங்கன்வாடியில் பத்தொன்பது வருடம் டீச்சராக இருந்தவள் சலோமி. நேற்றுக் காலை முட்டைகளை அவிய வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அவளும் மகன் வில்சனும்தான். இப்போது கூடம் கொள்ளாத கூட்டம். யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வில்சன் எல்லாரிடமும் வரைபடத்தைப் பற்றியே பேசினான்.

எடை போடும் நாளில் சலோமி பிள்ளைகளின் கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வாள். மற்ற சென்டர்களில் கழற்றச் சொல்வதில்லையே என்று தாய்மார்கள் முணுமுணுப்பார்கள். அவள் பதிவேட்டில் ஒன்பது பிள்ளைகள் எப்போதும் எடை குறைவு. போன வாரம் தன் ப்ராஜெக்ட்டிலிருந்து அந்த ஒன்பதையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் வட்டார சராசரியைப் போட்டான் வில்சன்.

“உன் சென்டர் மட்டும் தனியா நிக்குதும்மா. கோடு கோணுது.”

“கொலுசுக்கா நான் சத்துமாவு குடுக்குறேன்? அந்தப் பிள்ளைங்கள எங்கடா வச்சிருக்க?”

“சராசரிக்குள்ள இருக்காங்க.”

அவள் பதிவேட்டை மூடி வைத்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

கல்யாண வீடோ பஸ்ஸோ, கைக்கு அகப்பட்ட பிள்ளையின் மேல்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பார்ப்பது அவள் வழக்கம்; விரல் நுனிகள் தொட்டுக்கொண்டால் பிள்ளை மெலிவு என்பது அவள் கணக்கு. “சந்தையில கோழி புடிக்கிறியாம்மா?” என்பான் வில்சன். கோட்டுச்சேரி பஸ்ஸில் ஒருமுறை, தெரியாதவன் மாதிரித் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறான்.

பதினொன்றரைக்கு விழிதியூரிலிருந்து, எடை போட வரும் தாய்மார்களில் ஒருத்தியான முத்தமிழ் வந்தாள், இடுப்பில் இரண்டு வயது மகளோடு.

“சாவு வீட்டுக்குக் கைப்பிள்ளையத் தூக்கிட்டு வருவாங்களா?” என்று யாரோ அதட்டினார்கள்.

“வீட்ல பாத்துக்க ஆளில்லீங்க. டீச்சரப் பாக்காம எப்படி இருக்கிறது?” என்றவள், வில்சனிடம் பிள்ளையை நீட்டினாள். “செத்த நேரம் வச்சிக்க தம்பி.”

அவள் உள்ளே போனதும் அழுகைச் சத்தம் கூடியது. பிள்ளை அழவில்லை. அவன் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்த்தது. அதைத் தூக்கிக்கொண்டு பந்தலின் ஓரத்துக்குப் போனான்.

“வில்சா, பெட்டிய மூடப் போறாங்க. மகன் வந்து நில்லுப்பா,” மாமா கூப்பிட்டார்.

“இதோ வந்துட்டேன் மாமா.”

யாரும் பார்க்கவில்லை. பிள்ளையின் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, விரல்களால் வளைத்தான். நுனிகள் தொட்டன. தொட்டதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

இறுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.