தேதி பார்த்துப் பிடித்த தோழி

சர்வதேசப் பள்ளியில் வாத்தியார் வேலை என்றால் இரண்டு வருட ஒப்பந்தம். பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த நாடு. நானும் என் வீட்டுக்காரரும் இப்படியே மூன்று நாடுகளில் வேதியியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று. எங்கள் ஒன்பது வயது வாண்டு பெட்டிகளோடு பெட்டியாக வந்துகொண்டிருந்தாள்.

இந்த ஊரில்தான் அவளுக்கு உயிர்த்தோழி என்று ஒருத்தி வாய்த்தாள், இசை ஆசிரியரின் மகள். இரண்டும் நகமும் சதையுமாகத் திரிந்தன. அதைப் பார்த்து மனசு இளகி, இவரிடம் சண்டைக்குப் போனேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருப்போம். பிள்ளை ஏங்கிப் போயிடுவா."

"அடுத்த நாட்டுல கூப்பிடற பள்ளிக்கூடத்துல நீச்சல் குளம் இருக்காம்!"

"உங்களுக்கு நீச்சலே தெரியாதே."

மறுநாளே இருவரும் நீட்டிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தியாகம் செய்த முகத்தோடு வாண்டிடம் சொன்னோம். கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், பையைத் தரையில் வீசினாள்.

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க? அவ ஜூன்ல போறா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே கேட்டுட்டேன், உங்கப்பாவுக்கு ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு. நமக்கு முடியறப்பதான் அவங்களுக்கும். அதனாலதான் அவளைப் புடிச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பிட்டா, யாரும் யாரையும் விட்டுட்டுப் போன மாதிரி இருக்காதுல்ல?"

"வேற யாரும் கிடைக்கலையா?" என்றார் இவர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"இருந்தாங்க. தேதி சரியா வரல."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். பிறகுதான் உறைத்தது. இந்தக் கணக்கை அவளுக்குப் பழக்கியது நாங்கள்தான்.

ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று பள்ளி முதல்வரிடம் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்துதானே மேடம், நன்றி நன்றின்னு உருகினீங்க?"

ஜூனில் வழியனுப்ப விமான நிலையம் போனோம். எப்போதும் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் நாங்கள். வெளியே நின்று பழக்கமில்லை. தோழியின் முதுகுப்பை மறையும்வரை வாண்டு கையாட்டினாள். அழவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"அம்மா, போகாம இருக்கறவங்க அடுத்து என்ன பண்ணுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இவரைப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. மூவரும் அப்படியே நின்றோம். கடைசியில் காவலாளிதான் வந்து, "வழியை மறிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார்.