கலங்கரை விளக்கத்தில் பேசியவள்

காமிக்ஸ் விஷயத்தில் கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரே கொள்கைதான். புத்தகம் என்றால் படிக்க வேண்டும். படித்தால் கசங்கும். கசங்கினால் தைத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்களுக்கு இதைச் சொல்வார். கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார். கண் பரிசோதனைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பாவம், தாடையை அந்தச் சட்டத்தில் வைத்த பிறகு எழுந்து ஓடவும் முடியாது.

அவர் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் பழைய புத்தகக் கடையில் காமிக்ஸ்களைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கயிறு பட்ட இடத்தில் எல்லா வீரர்களுக்கும் இடுப்பில் ஒரு பள்ளம் இருக்கும். முதல் பக்கம் இல்லாத கதைக்கு இவரே முதல் பக்கம் யோசித்துக்கொள்வார். கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு, கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ள, மூன்று தெரு தள்ளி இருக்கும் சேகரிப்பாளர் வீடு வரைக்கும் சைக்கிள் மிதிப்பார்.

இப்போதைய ஆட்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கின் கீழே வைத்து மூலை மழுங்கியிருக்கிறதா, பின்னில் துரு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் அட்டையைப் பார்க்கலாம், முதுகைப் பார்க்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். திறந்தால் மதிப்பெண் போய்விடும்.

“படிச்சவனுக்கு மூணு மார்க், படிக்காதவனுக்குப் பத்து மார்க். இப்படி ஒரு பள்ளிக்கூடம் நம்ம காலத்துல இல்லாமப் போச்சே,” என்பார்.

மனைவி இருந்தவரை இந்தப் பேச்சையெல்லாம் அவள் கேட்டுக்கொள்வாள். அவள் நில வரைபட அலுவலகத்தில் எழுத்து வரைபவளாக இருந்தவள். கணினி வருவதற்கு முன்னால் ஊர், ஆறு, மலை எல்லாவற்றின் பெயரையும் கையால்தான் எழுதினார்கள். பல்லி முட்டை அளவில் எழுதுவாள். ஆனாலும் படிக்க முடியும். போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டதுபோல் நடந்துகொண்டிருந்தார்.

கீழ்த்தளத்தில் குடியிருந்த கொழுந்தியாள், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து நின்றாள்.

“அத்தான், அந்தச் சேகரிப்பாளர் கூட்டம் இன்னிக்குத்தானே?”

“அது கூட்டமா? ஆபரேஷன் தியேட்டர். கையுறை என்ன, விளக்கு என்ன.”

“அப்போ போய் நோயாளியா உட்காருங்க. வீட்டுல உட்கார்ந்து சுவத்துக்கு வைத்தியம் பார்க்காதீங்க.”

அந்த வாரம் குழுவில் ஒருவர், ‘ஏழாவது கலங்கரை விளக்கம்’ என்ற பழைய காமிக்ஸ் யாரிடமாவது இருந்தால் கொண்டுவரும்படி கேட்டிருந்தார். தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடிக் கடைக்காரர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த புத்தகத்தைச் சுற்றோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கூட்டம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில். புத்தகம் கேட்டிருந்தவர் பகலில் கணக்குத் தணிக்கை செய்பவர். இங்கே அவருக்குக் ‘கையுறை’ என்றே பெயர். மேசை மேல் விளக்கு, பூதக்கண்ணாடி, ஓரத்தில் பெட்டியை ஒட்டும் இயந்திரம்.

“சார், செய்தித்தாள்லயா சுத்தி வச்சிருக்கீங்க? அமிலம் இறங்கிடுமே.”

“இறங்கட்டும் தம்பி. கதைக்குள்ள வில்லன் அமிலத் தொட்டிலதான் விழுவான். அவனுக்குப் பழக்கம்.”

எதிரே உட்கார்ந்திருந்த வங்கிக்காரம்மா சிரித்துவிட்டாள். குழுவிலேயே இன்னும் கதைக்காக வாங்குகிறவள் அவள் ஒருத்திதான் என்பது இவருடைய அபிப்பிராயம்.

கையுறை இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். மூலைக்கு நாலு, அட்டைக்கு மூன்று என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர் பதினோராம் பக்கத்தில் நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“சார், இது வேற பதிப்பு.”

“அதெல்லாம் ஒரே பதிப்புதான். ஒரு தடவை போட்டாங்க, நஷ்டப்பட்டாங்க, கடையை மூடினாங்க.”

“வசனம் வேற சார். என் புத்தகத்துல, கடல்கொள்ளைக்காரன் படி ஏறி வரும்போது, கேப்டனோட காரியதரிசிப் பெண் ‘ஐயோ, எனக்குப் பயமாக இருக்கிறது’ன்னு சொல்றா. உங்க புத்தகத்துல ‘கேப்டன், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்’னு சொல்றா.”

அறை எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது. யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். திருத்திய பதிப்பு என்றார் ஒருவர். அச்சகத்தில் சோதனைக்காக எடுத்த பிரதி என்றார் இன்னொருவர். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் என்று கையுறை முடிவே செய்துவிட்டார். இவ்வளவு நாளும் மூன்று மதிப்பெண் ஆசாமி என்று ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு நடு நாற்காலி வந்தது. டீ முதலில் அவருக்கு வந்தது. சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டார்கள்.

அவருக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

“இன்னிக்கே மூடிடலாம் சார். இனிமே காத்துக்கூடப் படக்கூடாது,” என்று கையுறை இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். அது சூடேற ஆரம்பித்தது.

“ஒரு நிமிஷம், நானும் பார்த்துக்கறேன்,” என்று கண்ணாடிக் கடைக்காரர் தன் சட்டைப் பையிலிருந்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

எழுத்து அழகாக இருந்தது. மற்ற வசன பலூன்களில் இருந்ததைவிடச் சீராக இருந்தது. மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிதான் புள்ளியாக இல்லை. குட்டி வட்டமாக இருந்தது, நடுவில் வெள்ளையோடு. வரைபடத்தில் சின்ன ஊருக்குப் போடுகிற வட்டம்.

புள்ளி வைக்கச் சொன்னால் ஊர் வைப்பாள் என்று அலுவலகத்தில் அவளைக் கேலி செய்வார்கள். பால்காரருக்கு எழுதிவைத்த சீட்டிலும், சுவரில் தொலைபேசி எண்களுக்குப் பக்கத்தில் எழுதிய பெயர்களிலும் அவளுக்கு எங்கும் ஊர்கள்தான். பழைய வசனத்தை மறைத்திருந்த பூச்சும் அவருக்குத் தெரிந்ததே. வரைபடத்தில் ஓர் ஆறு திசை மாறினால் பழைய கோட்டின் மேல் தடவுகிற வெள்ளை மை. வருஷக்கணக்கில் அதுவும் தாளோடு தாளாகப் பழுத்துப் போயிருந்ததால்தான் கையுறையின் விளக்குக்குத் தப்பியிருந்தது.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவர் நிமிராமலே இருந்தார். இயந்திரம் சூடேறி ஒரு முறை கூவியது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். உலகத்தில் ஒரே பிரதி, அதன் சொந்தக்காரர் இவர். நடு நாற்காலி நிரந்தரம். ஆனால் அவள் பேசிய ஒரு வரி அந்தப் பெட்டிக்குள் போய்விடும். அதுவும் யாரோ முகம் தெரியாத அச்சகக்காரன் பெயரில். அவள் போனபின் புதிதாக அவருக்குக் கிடைத்த ஒரே பேச்சு அதுதான்.

“மூட வேண்டாம் தம்பி.”

“ஏன் சார்?”

“இது பதிப்பு இல்ல. என் வீட்டுக்காரி.”

யாருக்கும் புரியவில்லை. அவர் வட்டத்தைக் காட்டினார், வெள்ளை மையைக் காட்டினார், வரைபட அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார். கையுறை ஒரு முறை உட்கார்ந்து எழுந்தார்.

“அப்போ இது கிறுக்கின புத்தகம் சார். ரெண்டு மார்க்தான் தேறும்.”

“ரெண்டா? பரவாயில்ல. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு.”

இயந்திரத்தை அணைத்தார்கள். கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்து அவர் செய்தித்தாளைத் தேடினார். வங்கிக்காரம்மா அதற்குள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்திருந்தாள்.

“இருங்க. அவ அப்படிச் சொன்னதுக்குக் கேப்டன் என்ன சொல்றான்?”

அடுத்த கட்டத்தில் கேப்டனின் வசனம் மாறவில்லை. அச்சடித்தபடியே இருந்தது: ‘பயப்படாதே பெண்ணே, நான் இருக்கிறேன்.’

“கவனிக்கவே இல்லையே அவன்,” என்றாள் வங்கிக்காரம்மா. “அவ சொன்னது காதுலயே விழல.”

அறை சிரித்தது. கையுறைகூடச் சிரித்தார், கொஞ்சம் துக்கத்தோடு. பிறகு முதல் பக்கத்திலிருந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அந்த அறையில் ஒரு கதையை முழுதாகப் படித்தது அன்றுதான் முதல் தடவை என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தியாளிடம் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

“கலங்கரை விளக்கம்தானே? ஒருவழியாப் பார்த்துட்டீங்களா?”

“உனக்குத் தெரியுமா?”

“கல்யாணமான புதுசுல அக்கா சொன்னா. அந்தப் பொண்ணு எப்பப் பார்த்தாலும் பயந்துக்கிட்டே இருக்கா, எரிச்சலா இருக்கு, ஒரு வரி மாத்தி வச்சிருக்கேன், அவர் எப்போ கண்டுபிடிக்கிறார்னு பார்க்கலாம்னு. உங்ககிட்ட அப்பப்போ கேட்பாளே, கலங்கரை விளக்கத்தை மறுபடி படிச்சீங்களான்னு.”

கேட்டிருக்கிறாள். சாப்பிடும்போது, ரயிலில், ஒருமுறை ஆஸ்பத்திரியில்கூட. ஒவ்வொரு முறையும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: அதெல்லாம் மனப்பாடம்.

“நான் படிக்கிறவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்,” என்றார் அவர்.

“ஆமா. அவங்க பிளாஸ்டிக்ல போட்டு மூடினா குத்தம், நீங்க டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டினா பக்தியா அத்தான்? பெட்டிதான் வேற.”

கொள்கை பேசி வளர்ந்த வாய்க்கு அன்று விடுமுறை.

“நீ ஏன் சொல்லல?”

“அது அவளுக்கும் உங்களுக்கும் நடந்த ஆட்டம். நடுவுல நான் எதுக்கு விசில் ஊதணும்?”

“இது ஒண்ணுதானா? வேற புத்தகத்துலயும் எழுதியிருக்காளா?”

“அதை அவ சொல்லல. ஆனா வெள்ளை மை பாட்டில் பாட்டிலா வாங்குவா.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிரங்குப் பெட்டியை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். செய்தித்தாள் சுற்றுகளைப் பிரித்துத் தரையில் பரப்பினார்கள். பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. எங்கே வட்டம் தென்பட்டாலும் மற்றவரிடம் சொல்லிவிடக் கூடாது, அவரவர் பங்கை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவரே விதி வகுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மனப்பாடம் என்று நினைத்திருந்த ஒரு கதையை முதல் கட்டத்திலிருந்து, எழுத்துக் கூட்டாத குறையாக, படிக்க ஆரம்பித்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கொழுந்தியாள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

“என்ன? என்ன எழுதியிருக்கா?”

“ஒண்ணுமில்ல அத்தான்.”

“என்னைப் பத்தியா?”

“நீங்க உங்களுதைப் படிங்க,” என்றாள் அவள், அடுத்த பக்கத்தைப் புரட்டாமலே.