காய்கறி வாதம்

போதைக் காளான் வழக்கு கைக்கு வந்ததும் வக்கீலுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. சட்டத்தின் பட்டியலில் போதை தரும் ரசாயனத்தின் பெயர்தான் இருந்தது. காளானின் பெயர் இல்லை.

"இதை வச்சே உங்களை வெளியே கொண்டு வந்துடுறேன் டீச்சர்," என்று தன் கட்சிக்காரரான தாவரவியல் ஆசிரியையிடம் சொன்னார்.

"தப்புதான்னு ஒத்துக்கலாமே சார்," என்று ஆசிரியை சொன்னதை வக்கீல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீதிமன்றத்தில் முக்கால் மணி நேரம் முழங்கினார். "ஆகவே ஐயா, இது வெறும் காய்கறி!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க மதியச் சாப்பாட்டுக்குச் சமைச்சு அனுப்பச் சொல்லவா?"

"எனக்குக் காளான் ஒத்துக்காதுங்க ஐயா," என்று வக்கீல் உளறிவிட்டார். தட்டச்சர்கூடச் சிரித்தார்.

அப்போது ஆசிரியை எழுந்து, ஆர்வக்கோளாறில் வீட்டுத் தொட்டியில் நாலைந்து வளர்த்ததாக ஒப்புக்கொண்டார். முதல் தவறு என்பதால் நீதிபதி எச்சரித்து அனுப்பிவிட்டார். எல்லாம் ஐந்தே நிமிடம்.

வெளியே வந்து ஆசிரியைதான் வக்கீலைத் தேற்றினார். "நீங்க நல்லாத்தான் பேசினீங்க சார். ஆனா காளான் தாவரமே இல்ல."

"நான் வாயை மூடினது ஒண்ணுதான் டீச்சர், இன்னைக்கு உங்களுக்குச் செஞ்ச உதவி," என்றார் வக்கீல். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.