அக்கா கையில் சிவப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் மூக்கிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கதை கனவில் வருமாம், மழையில் வருமாம். எனக்கு அக்காவின் இடது கையைப் படம் எடுக்கக் குனிந்தபோது வந்தது. மாமாவின் முட்டிவலித் தைல வாசனை.

அக்காவுக்கு முட்டிவலி கிடையாது. இருந்தாலும் முட்டிவலிக்கு யாரும் தோளுக்குக் கீழே தேய்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இடத்தில்தான் முந்தாநாள் அவளுக்கு இரண்டாவது ஊசி போட்டிருந்தார்கள். சுற்றிலும் தோல் செக்கச்செவேலென்று இருந்தது. மத்தியானம் அவள் துணி காயப்போடும்போது அதே கையைப் பார்த்தேன். அப்போது சிவப்பு இல்லை. [இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் தூரத்தில் நின்றேன். நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா.]

"சீக்கிரம் எடுடி, கை கடுக்குது" என்றாள்.

எடுத்தேன். அனுப்பினேன். அன்றிலிருந்து என் கூடப்பிறந்தவளை நான் சந்தேகப்படுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் மாலை வெயில் ஒரு" வேண்டாம். அந்தத் தாழ்வாரத்தில் ஜன்னலே கிடையாது.

பிறகு: "மனித உடல் ஒரு கோட்டை." எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

மூன்றாவது: "அக்கா சாவுக்குப் பயந்தவள் அல்ல, ஆனால்" இதை முடிக்க முடியவில்லை. அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. "ஓட்டுறது நீதான்னு நினைச்சுக்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பது புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்லும் வசனம். போன வருஷம் அவளுடைய சிறுநீரகம் ஒன்றைப் புற்றுக்கட்டியோடு எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வந்துவிடுமோ என்பதுதான் இப்போது வீட்டில் எல்லோருக்கும் பயம்.

வராமல் தடுக்க ஒரு தடுப்பூசியை ஆராய்கிறார்கள். வெட்டியெடுத்த கட்டியையே ஆராய்ந்து, அதன் அடையாளங்களை வைத்து அவரவருக்கென்று தனியாகத் தயாரிக்கிற ஊசி. வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு இந்த ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. [தெரியாது என்று சொல்கிறார்கள்.] ஊசி போட்ட வாரம் முழுக்க, சாயங்காலம் ஆனால் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தன் தோளைத் தானே எடுப்பது கஷ்டம் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

3

இனி கொஞ்சம் பாடம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ரத்தத்தில் இருக்கும் சில வெள்ளை அணுக்களுக்குச் சந்தேகப்படுவதே உத்தியோகம். எதிரே வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, நீ யார், எந்த வீடு என்று விசாரிக்கும். அந்நியன் என்றால் அடி. ஆனால் புற்றுச்செல் அந்நியன் இல்லையே! இந்த உடம்பிலேயே பிறந்து, இந்த உடம்பின் சோற்றையே தின்றுவிட்டு, கூட இருந்தே குழி பறிக்கிறது. அதன் மேல் ஒன்றிரண்டு திருட்டு அடையாளம் இருக்கும்தான். காவலுக்கு நிற்பவன் "நம்ம பையன்தானே" என்று விட்டுவிடுகிறான். தடுப்பூசி அந்த அடையாளத்தைக் காட்டி, இவனை நம்பாதே என்று சொல்லித்தருகிறது. சொந்தக்காரனைச் சந்தேகப்படப் பழக்கும் மருந்து. எங்கள் வீட்டில் அதற்கு ஊசியே தேவையில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னைச் சந்தேகப்பட்டார்.

"என் தைலத்தை யாரோ திங்கிறாங்க. உனக்கு எப்பம்மா முட்டிவலி வந்துச்சு?"

"எனக்கு இல்ல மாமா."

"அப்ப பூனைக்கு வந்திருக்கும்."

எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

(* சந்தேகம் மிஞ்சினாலும் ஆபத்து. அந்த அணுக்களுக்கு வெறி பிடித்தால் நல்ல உறுப்பையும் கடித்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.)

4

ஊசி போடும் நர்சுக்கு நான் வைத்த பெயர் ஸ்கேல் சிஸ்டர். முதல் பிரதியில் அவளை வில்லியாக்கியிருந்தேன். மெல்லிய உதடு, குளிர்ந்த விரல் எல்லாம் கொடுத்தேன். நிஜத்தில் அவள் விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணீர் என்று கேட்டால் "எனக்கும் தெரியாதுங்க" என்று மேலே மின்விசிறியைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஊசிக்கு அடுத்த வாரம், அக்கா ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"படம் நீங்கதானே எடுக்கறீங்க? சிவப்பு ரொம்பப் பெருசாகிட்டே போகுது."

"நல்லதுதானே சிஸ்டர்? மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. தண்ணி போட்டாக்கூடச் சிலருக்குச் சிவக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும். இந்த ஸ்கேல், ஊசி உடம்புக்கு ஒத்துக்காமப் போகுதான்னு பாக்கறதுக்கு. அடுத்த தடவையும் இப்படி வந்தா நிறுத்திடுவாங்க."

"எதை?"

"ஊசியைத்தான். உங்க அக்காவுக்கு இனிமே போட மாட்டாங்க."

தைலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தால் அக்காவைப் பொய்க்காரி என்று வெளியே அனுப்புவார்கள். காட்டிக்கொடுக்காவிட்டால் ஊசி நின்றுவிடும். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளமாக நின்றேன்.

5

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பழகுகிறவள் பக்கம் நான், சொல்லித்தருகிறவள் பக்கம் அக்கா.

"அக்கா, கையில தைலம் தேய்க்கறியா?"

கார் நின்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"யாரு சொன்னா?"

"என் மூக்கு."

"அந்த மூக்கை அறுத்தா என்ன!" என்றாள். ஹாரன் ஓய்ந்த பிறகுதான் அடுத்த பேச்சு வந்தது. "முதல் ஊசிக்கு ஒண்ணுமே ஆகலடி. கொசு கடிச்ச தடம்கூட இல்ல. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கை பன்னு மாதிரி வீங்கிக் கிடந்துச்சு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டிருந்தாரு மனுஷன். அப்பவே புரிஞ்சுபோச்சு, நான் ஒப்புக்குச் சப்பாணின்னு. கை சிவக்கலன்னா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவாங்கல்ல? ஒழுங்கா ஓட்டாதவனை நான் டெஸ்டுக்கு அனுப்புவேனா?"

"தண்ணின்னு நீயே முடிவு பண்ணிட்ட. அப்புறம் எதுக்கு உள்ள இருக்கணும்?"

"தண்ணியா இல்லாம இருந்துட்டா?"

ஸ்கேல் சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது இன்னும் பிரேக்கின் மேல்தான் இருந்தது.

"அப்ப நிறுத்தப் போறது நான்தானா?"

நான் வண்டியை மறுபடி கிளப்பினேன். "கிளட்சை மெதுவா விடு, குலுங்கக் கூடாது" என்றாள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் போய் ஸ்கேல் சிஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன். அக்காவை நீக்குகிறார்கள். அக்கா என்னோடு பேசுவதில்லை. பிறகு ஒரு நாள் அவளுக்கு [எழுத மாட்டேன்].

இரண்டு: யாரும் வாய் திறப்பதில்லை. தைலத்தை மட்டும் நிறுத்திவிடுகிறாள். ஆனால் அவளுடைய பொய்ச் சிவப்பு மற்றவர்களின் நிஜச் சிவப்போடு கலந்து கிடக்கும். அதை நம்பி எங்கோ முகம் தெரியாத ஒருத்திக்கு மருந்தைக் குறைப்பார்கள். எனக்கு ரொம்ப வசதியான முடிவு இது. அதனாலேயே எனக்கு இதன் மேல் சந்தேகம்.

மூன்று: இந்தக் கதையை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவது. ஸ்கேல் சிஸ்டர் கதை படிக்கிறவள், மேசை இழுப்பறையில் பத்திரிகை வைத்திருக்கிறாள். அவளுக்கு ஆள் பிடிபடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன். அது இடது கையாக இல்லாமலும் இருக்கலாம்.

காகிதங்களை அக்காவே எடுத்துப் படித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "எங்கயும் என்னைச் சாகடிக்கல. சந்தோஷம். ஆனா எல்லா முடிவுலயும் ஒண்ணு நீ ஏதோ பண்ற, இல்ல அவங்க பண்றாங்க. நான் எங்கடி இருக்கேன்?"

எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. நான்காவது முடிவை யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை.

7

நான்காவது ஊசியன்று அக்கா தனியாக உள்ளே போனாள். "நீ வெளிய இரு, மூஞ்சியே காட்டிக் கொடுத்துரும்." நான் ஜன்னல் இல்லாத தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்டர் அவசரமாக உள்ளே போனார், போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார், மறுபடி போனார்.

அக்கா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள்.

"சொல்லிட்டேன். சிஸ்டர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. பழைய படத்தையெல்லாம் சேர்த்துக்க மாட்டாங்களாம். மேல யார்கிட்டயோ கேட்டுட்டு ஊசி போட்டுட்டாங்க."

அப்படித்தான் என்னிடம் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது, நான் எதையும் கேட்கவில்லை. ஸ்கேல் சிஸ்டர் எட்டிப் பார்த்து என்னிடம் தலையசைத்தாள். அது "சரி" என்பதா, "போய்ட்டு வாங்க" என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் சாயங்காலம். மாமா புதுத் தைலம் வாங்கிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அந்தச் சட்டை மத்தியானம் முழுக்க ஆணியில் தொங்கியது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கையைத் திருப்பிக் காட்டினாள். ஊசி குத்திய இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு. சின்னதுதான், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்கேலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"தானா வந்துச்சுடி" என்றாள்.

நான் அசையாமல் நின்றேன். அவளுக்கு என்னைத் தெரியாதா? கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நம்பிக்கை இல்லன்னா மோந்து பாத்துக்கோ."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைக் கொட்டாமல். இத்தனை மாதத்தில் அவள் எதையும் இவ்வளவு ஆசையாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. சிஸ்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, சிவப்புக்கு அர்த்தம் இல்லை என்று. அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். எனக்கு அவள் வேண்டும். எனக்கு அது மட்டும்தான் வேண்டும்.

ஸ்கேலை வைத்தேன். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து படம் எடுத்தேன். நிமிர்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அக்கா இன்னும் கையை மடக்கவில்லை, அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு மூக்கு இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.