இருபத்து மூன்று புகார்களும் ஒரு கதவும்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இது என் கதையில்லை, அண்ணியுடையது. அண்ணி காவல் நிலையத்தில் குடியிருப்புப் பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும், "இதையும் எழுதித் தொலைச்சிடாதே" என்று கத்தியை என் பக்கம் நீட்டினார். நான் தலையாட்டினேன். எழுத்தாளன் தலையாட்டினால் நம்பக் கூடாது என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து நாளாகச் சரியான தூக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தத் தெருவில் மாலை ஏழு மணிக்கு அமைதி என்பது..."

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம், நேராக: ஒரு அடுக்குமாடிக் கட்டடம். எதிரே ஒரு மதில். மதிலோரம், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அடுத்த ஆர்டருக்காகக் காத்து நிற்பார்கள். ஹாரன், ஃபோனில் பாட்டு, சிரிப்பு. மூன்று மாதத்தில் இருபத்து மூன்று புகார். ஒவ்வொரு முறையும் போலீஸ் போகும், விரட்டும், திரும்பும். பின்னாடியே பைக்குகளும் திரும்பும்.

விரட்டுவது வேலையில்லை, ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று கேட்பதுதான் வேலை என்பது அண்ணியின் கட்சி. நிலையத்துப் படிவத்தில் நான்கு கட்டம் உண்டு: பிரச்சினை என்ன, ஏன் வருகிறது, என்ன செய்தோம், பலித்ததா. அண்ணி ஒரு வாரம் அந்த மதிலோரம் நின்று பேச்சுக் கொடுத்தார். உட்கார ஒரு திட்டு இருக்கிறது, பக்கத்துக் கடையில் கழிப்பறைக்கு விடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் பங்க் முதலாளியிடம் பேசி, பங்கின் பின்பக்கம் கூரை போட்ட இடமும் தண்ணீரும் கழிப்பறையும் வாங்கிக் கொடுத்தார். பைக்குகள் இடம் மாறின. யார் மேலும் வழக்கில்லை. ஐந்து வாரமாகப் புகார் பூஜ்யம். மேலதிகாரி கூட்டம் போட்டுப் பாராட்டினார்.

[இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.]

3

நான்காவது கட்டத்தை நிரப்பப் பழைய பதிவேட்டை எடுத்தபோதுதான் அண்ணி அதைக் கவனித்தார். இருபத்து மூன்றில் பத்தொன்பது புகார் ஒரே எண்ணிலிருந்து. தரைத்தளத்து வீட்டுப் பெண். அதில் ஆறு நாள் நல்ல மழை. போன காவலர்கள் "யாரும் இல்லை" என்று எழுதிவைத்திருந்தார்கள். எங்கே சத்தம், எப்போது சத்தம், யார் போட்ட சத்தம் என்று நிலையமே உட்கார்ந்து ஆராய்ந்தது. கூப்பிட்டவள் ஏன் கூப்பிட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணி ஒரு காவலரை விசாரித்தார்.

"அந்தம்மா கதவைத் திறந்தா லேசுல விடாது மேடம். உக்காருங்க, தண்ணி குடிங்கன்னு நிறுத்தி வெச்சுக்கும். புருஷன் பின்னாடியே நிப்பாரு."

"அது கையைப் பாத்தியா?"

"முழுக்கைச் சட்டை போட்டிருக்கும்." கொஞ்சம் யோசித்து, "எப்பவுமே," என்றார்.

(இனி வருவது அண்ணி சொன்னதில்லை, என் ஊகம்: புருஷனுக்கும் அந்தச் சத்தம் ஆகாது. "போன் பண்ணு" என்று அவனே எடுத்துக் கொடுத்திருப்பான். அவன் அனுமதித்த ஒரே புகார் அது. அதை வைத்துத்தான் அவள் போலீஸை வாசலுக்கு வரவழைத்தாள்.)

அந்தச் சத்தத்தைத்தான் அண்ணி தீர்த்து வைத்துவிட்டார்.

4

அண்ணி போய் மணி அடித்தார். கணவன் திறந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். வில்லனுக்கு முகத்தில் ஏதாவது ஒரு தழும்பு போடலாமா என்று யோசித்தேன். "ரொம்ப நல்லாப் பேசினான்டா" என்றார் அண்ணி. அப்படியே விட்டுவிட்டேன்.

"இப்ப சத்தமே இல்ல மேடம். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவன் தோளுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

"உங்களுக்கு எப்படிங்க இருக்கு?"

"அமைதியா இருக்கு மேடம்."

இதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க உள்ள போயிருக்கலாமே அண்ணி?"

"அவ வாயைத் திறக்காம நான் உள்ள போனா, நான் கிளம்பி வந்தப்புறம் அவதானேடா உள்ள இருக்கணும்?" உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கதை கட்டறவன்தானே. அவ எங்களைக் கூப்பிட ஒரு சாக்கு சொல்லு. அவனுக்கும் எரிச்சல் வர்ற சாக்கா இருக்கணும்."

மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்றேன்.

"அவனே ஆள் கூட்டிட்டு வந்து சரி பண்ணிடுவான்."

தெருநாய் என்றேன்.

"அதுக்கு யாரு போலீஸைக் கூப்பிடுவாங்க?"

இருபது வருஷமாகக் கதை கட்டுகிறேன். ஒரு பெண் ஒரு ஃபோன் பண்ணுவதற்கு ஒரு காரணம் கட்ட வரவில்லை. வெட்கமாக இருந்தது.

5

நேற்று அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்து, பங்குக்குப் பின்னால் போயிருக்கிறார். ஃபோனில் சொன்னார். பைக்காரர்களில் மூத்தவரிடம், "வாரத்துல ரெண்டு நாள் பழைய இடத்துல நின்னு சத்தம் போடுங்க, நாங்க வந்து விரட்டுறோம்" என்று கேட்டாராம்.

"இப்பத்தான் உக்கார ஒரு இடம் கிடைச்சிருக்கு. ஏன் மேடம்?"

"காரணம் சொல்ல முடியாது."

அவர் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, எத்தனை நாளைக்கு?"



6

இன்று மாலை ஏழு மணி. மூன்று பைக்குகள் மதிலோரம் வந்து நிற்கின்றன. ஒருவர் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறார். நிலையத்தில் அண்ணி ஃபோனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழே கால். ஏழரை...

"மணி அடித்தது" என்று இரண்டு சொல் எழுதினால் போதும். உங்களுக்கும் மூச்சு வரும், எனக்கும் வரும். ஆனால் எழுத மாட்டேன். எழுதினால், பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். போன முறை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுந்து போனோம்.