வெளியே வர மறுத்த பென்டிரைவ்

1

இந்தக் கதை என் தவற்றில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் மானம் போகும்.

அக்கா ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை செய்கிறாள். படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, அதைப் பத்திரமாக வெளியேற்ற ஒரு கட்டளை எழுதிக் கொடுத்தவன் நான். கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும்.

முதல் வரியாக ‘மதிய வெயிலில் நகரம் மௌனமாக…’ என்று ஆரம்பித்திருந்தேன். வேண்டாம். அன்று வெயிலா மழையா என்றே நினைவில்லை. போன் அடித்தது, அவ்வளவுதான்.

2

“டேய், வெளிய வரமாட்டேங்குதுடா. ‘பயன்பாட்டில் உள்ளது’ன்னே சொல்லுது.”

“இன்னொரு தடவை தட்டிப் பாருக்கா.”

“நாலு தடவை தட்டிட்டேன். கீழ ஆம்புலன்ஸ் நிக்குது. பிடுங்கிடவா?”

“ஐயோ, பிடுங்காதே!”

ஆம்புலன்ஸில் படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூளையில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. படம் எடுக்க ஊசியில் ஏற்றிய மருந்து ஒத்துக்கொள்ளாமல், மூச்சுத் திணறிப் பிழைத்திருந்தார். இன்னொரு முறை அதை ஏற்ற முடியாது. அறுவை சிகிச்சை வேறு மருத்துவமனையில். அன்று பார்த்து இணையமும் படுத்துவிட்டது. பென்டிரைவை வாங்கிப் போக அவர் மனைவி அக்காவின் மேசையருகே காத்திருந்தார்.

(இயந்திரத்தில் மூலப்படம் இருக்குமே என்கிறீர்களா? இருக்காது. இடத்தை அடைக்கிறது என்று, நகல் எடுத்ததும் மூலத்தை அழிக்கும்படி கட்டளையில் சேர்த்திருந்தேன். அதிமேதாவித்தனம். எழுதி முடியாமல் பாதியில் பிடுங்கினால் இருக்கிற ஒரே படமும் போய்விடலாம். கணினியை அணைக்கவும் வழியில்லை. அதை நம்பி அடுத்த அறையில் இன்னொருவர் ஸ்கேனுக்குள் கிடந்தார்.)

3

இங்கே அக்காவை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை, திட்டுகிற ஆள். அந்த மனைவியை அழவைக்கலாமென்றால், அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. “கொஞ்சம் உக்காருங்கம்மா” என்று அக்கா சொன்னதும், “பரவால்லம்மா, நிக்கிறேன்” என்று அவர் சொன்னதும் மட்டும் போனில் கேட்டது. நான் கைவைக்காத வரி அது ஒன்றுதான்.

4

“எந்த புரோகிராம் பிடிச்சிட்டிருக்குன்னு பாக்கலாம். நான் சொல்றத அப்படியே தட்டு.”

தட்டினாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

“நான் தட்டிட்டிருக்கிற இந்தக் கறுப்புத் திரையத்தான்டா காட்டுது.”

அப்போதுதான் புரிந்தது. படங்கள் சரியாக ஏறினவா என்று சரிபார்க்க, என் கட்டளை பென்டிரைவின் கோப்புறைக்குள் போகும். திரும்பி வெளியே வரும் வரியை நான் எழுதவே இல்லை. வீட்டுக்குள் நின்றுகொண்டே வீட்டைக் காலி செய்யச் சொன்ன மாதிரி.

“அக்கா, சி, டி, எண்டர். கோப்புறைய விட்டு வெளிய வந்துடும். அப்புறம் மறுபடி வெளியேத்து.”

“லைட்டு மினுக்குதுடா… இன்னும் மினுக்குது…”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நின்னுடுச்சு. ‘இப்போது எடுக்கலாம்’னு வந்துடுச்சு. இந்தாங்கம்மா, பத்திரம்.”

5

கோப்பு திறக்காத ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். பாதியிலேயே அடித்துவிட்டேன். நடந்ததையே சொல்கிறேன்: ஒரு மணி நேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

“தொறந்துடுச்சாம்டா. எல்லாப் படமும் தெளிவா இருக்காம். முதல்ல அந்த அழிக்கிற வரிய எடுத்துத் தொலை.”

அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. அந்த வரியை அன்றே எடுத்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது? அக்காவுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவேன்; எழுதினால் அந்த மனுஷர் என் தவற்றுக்கு உதாரணமாகிவிடுவார். என் தவறு அவரைக் கொல்லவில்லை. அதுவரைதான் எனக்குச் சொல்ல உரிமை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவர் மறுபடி ஸ்டியரிங் பிடிப்பதாக எழுதினால், அந்த பஸ்ஸில் எனக்கும் ஓர் இடம் போட்டு வையுங்கள்.