எதிர்ச்சான்று

கட்டுரையின் நான்காவது பத்தியைப் பிரசாந்த் செல்போனில் பார்த்து ஊர்க்கூட்டத்தில் வாசித்தபோதுதான், தன் வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்று அமுதவல்லிக்கு உறைத்தது. 'வழக்காற்று விதிகளின் நெகிழ்வுத்தன்மை' என்ற இடத்தில் அவன் திக்கினான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வரியில் கோவிந்தம்மா என்ற பெயர் வந்தது. அதைத் திக்காமல் வாசித்தான்.

கோவிந்தம்மா அவளுக்குச் சித்தி, அம்மாவின் தங்கை. கோயில் மதிலை ஒட்டி, இறால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் இருக்கிற வீடுதான் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. சித்தப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பெயர்ச் சீட்டு பானையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அது வந்தால் சீட்டெடுப்பவர் வாசிப்பார், மற்றவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். சித்தி அந்த நாளை வேறொரு படகுக்குக் கொடுத்துவிட்டு மீனில் பாதியை வாங்கிக்கொள்வாள். பிள்ளையில்லாத அவளுக்கு அதுதான் பிடிமானம். யாரும் இதைச் சரி என்று சொன்னதில்லை, தப்பு என்றும் சொன்னதில்லை. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னேரியில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கும் அமுதவல்லிக்கு முதலில் கட்டுரை எழுத வரவேயில்லை. முதல் வரைவைப் படித்துவிட்டு ஜெபசெல்வி மேடம், இது கட்டுரை இல்லை, ஊர்ப் பெருமை என்றார். வாதம் எங்கே, ஆதாரம் எங்கே, உன் வாதத்துக்கு எதிரான சான்று எங்கே என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். படிக்கும்போதே எழுதியவரோடு சண்டை போடக் கற்றுக்கொள் என்பார். கற்றுக்கொண்டாள். விதி கறாரானதுதான், ஆனால் ஊர் அதை வளைக்கவும் செய்கிறது என்று எழுதி, சித்தியைச் சான்றாக நிறுத்தினாள். மேடம் ஓரத்தில், 'இங்கேதான் நீ யோசிக்க ஆரம்பிக்கிறாய்' என்று குறித்தார். அந்த வரிக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பாள். செய்தும்விட்டாள். கட்டுரையைத் துறையின் இணையதளத்தில் போடும் முன், பெயர் போட அந்த அம்மாவிடம் கேட்டாயா என்றார் மேடம். கேட்டேன் என்றாள். கேட்டால் சித்தி என்ன சொல்வாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

பிரசாந்தைக் கெட்டவன் என்று நினைக்க முடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வைகாசியில் கல்யாணமாகி, பழைய சீட்டு ஒன்று விலகினால்தான் புதுத் தலைக்கட்டுக்கு இடம் என்று காத்திருக்கிறவன்.

"நானா சொல்றேன்? நம்ம ஊட்டுப் பொண்ணுதான் எழுதிகீது. ஊரே படிக்குது. இனிமே தெரியாத மாதிரி எப்டி இருக்கிறது?" என்றான்.

சீட்டெடுப்பவர் அவளுடைய நைனா சுப்பராயலு. மகளைப் பார்க்காமலே கேட்டார்.

"நீ எழுதுனது நெசமாம்மா?"

பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், சித்தியின் சீட்டு பானையிலேயே கிடக்கும். காலேஜில் கட்டுரையைத் தூக்கிப் போடுவார்கள். போடட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வாய் ஒரு கணம் தாமதித்தது. அந்தக் கணத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது மேடத்தின் சிவப்பு வரி. அதை நினைத்துத்தான் பிறகு தன்னையே வெறுத்தாள்.

"அது பொய்யி எழுதுற பொண்ணு இல்ல, மாமா," என்றாள் சித்தி. "இருக்கிறதத்தான் எழுதிகீது."

நைனா பானையைக் கவிழ்த்துத் தேடி, சித்தப்பாவின் சீட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. மற்ற சீட்டுகளைத் திரும்ப அள்ளிப் போட்டுக் குலுக்கினார்.

சாயங்காலம் அமுதவல்லி சித்தி வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கட்டுரை வாக்கியங்களாகவே இருந்தன. சித்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அமுதவல்லிக்கு. உரித்த இறாலை அலசி வைத்துவிட்டுச் சித்தி கேட்டாள்.

"எம் பேரு எங்ககீது, காட்டு."

செல்லை நீட்டினாள். சித்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஈர விரலைத் திரையில் வைத்து, 'கோ' என்று ஆரம்பித்தாள். விரல் பட்டதும் பக்கம் நழுவி மேலே ஓடியது. சித்தி விரலை எடுக்காமல், ஓடுகிற வரிகளில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.